லயக் காம்பராவில் ஒரு நாய்க்குட்டி



"நாய் நன்றியுள்ள மிருகம். அது வீட்டைக் காவல் காக்கும்." சின்ன வகுப்பில் இந்தக் கட்டுரையை எழுதாதவர்கள் எமக்குள் ஒருவரும் இருக்க மாட்டார்கள். ஆனால் அந்த நன்றியுள்ள மிருகம் குட்டியாக இருக்கும் காலத்தில் பாயிலும் அடுப்படியிலும் அரிசிச் சாக்கின் மேலும் என்னென்ன செய்து வைக்கும் என்பதை எந்த ஆசிரியரும் எழுதச் சொன்னதில்லை.

ஆண் துணையின்றிப் பிள்ளைகளோடு வாழும் சகோதரிகள் பலர் இன்று நாய் வளர்க்கிறார்கள். காரணத்தை நான் சொல்லத் தேவையில்லை. இரவில் வேலிப் பக்கம் ஒரு சத்தம் கேட்டால் முதலில் குரைப்பதற்கு ஓர் உயிர் வேண்டும். ஆனால் குட்டி வீட்டுக்கு வந்த முதல் இரண்டு கிழமையிலேயே பிரச்சினை தொடங்கி விடுகிறது. ஒரே அறை, அதில்தான் சமையல், அதில்தான் படுக்கை. குட்டி அதற்குள்ளேயே ஒன்றுக்கும் இரண்டுக்கும் இருக்கிறது. அடிக்கிறோம், மூக்கைத் தேய்க்கிறோம், கடைசியில் ஒரு சாக்கில் போட்டுச் சந்தியில் விட்டுவிட்டு வருகிறோம். சந்தியில் இன்னொரு கட்டாக்காலி நாய் கூடுகிறது. வீட்டில் மறுபடியும் காவல் இல்லை.

நாய்க்குட்டியை வெளிக்குப் போகப் பழக்குவது பெரிய வித்தை அல்ல. அதை நான் புத்தகத்தில் படித்திருந்தாலும், செய்து பார்த்தது ஊவாவில் ஒரு தோட்டத்து லயத்தில்தான். அங்கே நடந்ததையே எழுதுகிறேன்.

2012 ஆம் ஆண்டு. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் முடித்து, பதுளையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். பசறையிலிருந்து லுணுகலைக்குப் போகும் பாதையில், பஸ்ஸை விட்டிறங்கி முக்கால் மணித்தியாலம் மேலே ஏற வேண்டிய ஒரு தோட்டம். அதன் பெயரையோ அக்காவின் பெயரையோ நான் இங்கே எழுதப் போவதில்லை. அக்காவின் பெற்றோர் 1977 வன்செயலில் வீடு எரிந்து, மலையை விட்டிறங்கிக் கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவ பிறந்து வளர்ந்து கலியாணம் கட்டியது எல்லாம் அங்கேதான். 2009 இல் எல்லாம் முடிந்தபோது கணவர் எங்கே என்று தெரியாது. மெனிக் பாமில் இருந்து, அடுத்த வருடம் வெளியே வந்து, போக்கிடமில்லாமல் தாயின் தமக்கை இருந்த இந்தத் தோட்டத்துக்கே மகனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தா. தாய் எந்த மலையிலிருந்து ஓடினாவோ அதே மலைக்கு மகள் திரும்பி வந்தாள் என்று லயத்தில் எல்லோரும் சொன்னார்கள்.

மகனுக்கு அப்போது எட்டு வயது. நான் அந்த வீட்டுக்குப் போனதே அவனுக்காகத்தான். மூன்று கிழமையாகப் பாடசாலைக்கு வரவில்லை என்று அறிவித்திருந்தார்கள். காரணம் இலகுவில் வெளியே வரவில்லை. பெரியம்மாதான் கடைசியில் சொன்னா: பையன் ராத்திரியில் படுக்கையை நனைக்கிறான், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தெரிந்து போய்விட்டது, பட்டப் பெயர் வைத்துவிட்டார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பையிலிருந்து ஒரு துண்டுப்பிரசுரத்தை எடுத்து வாசித்துக் காட்டினேன். மன அழுத்தம், இடப்பெயர்வு, பாதுகாப்பின்மை என்று நான் படித்த சொற்களையெல்லாம் அடுக்கினேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டு கேட்டா. பையன் அடுப்படிக்குள் போய் ஒளிந்துகொண்டான். ஒரு பிரயோசனமும் இல்லை. எட்டு வயதுப் பிள்ளையின் மானத்தை நடு வீட்டில் வைத்துப் பிரசங்கம் செய்தேன் என்பது பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது.

அடுத்த கிழமை போனபோது வீட்டில் ஒரு குட்டி நாய் இருந்தது. கொழுந்து மடுவத்துக்கு அடியில் போட்ட குட்டிகளில் ஒன்று, மண் நிறம், இரண்டு மாதம் இருக்கும். பையன் சட்டைக்குள் வைத்துக் கொண்டு வந்து ஜிம்மி என்று பெயரும் வைத்துவிட்டான். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "கிளிநொச்சியில எங்களிட்டயும் ஒண்டு நிண்டது மிஸ். 2008 கடைசியில தர்மபுரம் பக்கம் வெளிக்கிடேக்க கட்டினபடியே விட்டிட்டு வந்திட்டம். அவிழ்த்து விடோணும் எண்டு ஒருத்தருக்கும் ஞாபகம் வரேல்லை" என்றா. வன்னியில் இருந்த சகோதரிகள் பலருக்கு இந்தக் கதை புதிதல்ல.

நான் போயிருந்த அந்தக் காலையில் குட்டி, பெரியம்மாவின் கொழுந்துப் படங்கின் மேல் ஈரமாக்கியிருந்தது. பையனும் இரவில் பாயை நனைத்திருந்தான். பெரியம்மா விளக்குமாற்றைத் திருப்பிப் பிடித்து இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பூசை வைத்தா. குட்டி அரிசிப் பெட்டிக்குப் பின்னால், பையன் இஸ்தோப்பின் மூலையில்.

பெரியம்மாவைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. வெள்ளைக்காரர் காலத்து லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா. கார்த்திகை மாதம். ஊவாவுக்கு மழை வாடைக்காற்றோடுதான் வரும். ஐப்பசியில் தொடங்கினால் தைவரை விடாது. நனைந்த கம்பளி காய வெயில் இல்லை. அடுப்புக்கு மேலே கயிறு கட்டித்தான் காயப்போட வேண்டும். அந்தப் புகையும் மூத்திர வாடையும் சேர்ந்து உள்ளே மூச்சு விட முடியாது. நாற்பது வருடம் கொழுந்தெடுத்த கைக்கு அந்த வேளையில் விளக்குமாறுதான் அகப்படும்.

பையனைப் பற்றிக் கதைத்தால் மறுபடியும் எல்லோரும் தலையைக் குனிவார்கள். நாயைப் பற்றிக் கதைப்பதில் ஒருவருக்கும் வெட்கமில்லை. "குட்டியை வெளியில போகப் பழக்கலாம் பெரியம்மா, அடிக்காமல்" என்றேன். பெரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எங்களுக்கே ஒழுங்கா கக்கூசு கட்டிக் குடுக்கல. நாயிக்கு எடம் தேடுறீங்களா மிஸ்?" என்று கேட்டா. அந்த லயத்தில் ஆறு குடும்பத்துக்கு இரண்டு மலசலகூடம். அதில் ஒன்றுக்குக் கதவில்லை. இரவில் போவதென்றால் கான் ஓரமாக இருட்டில் முப்பது நாற்பது எட்டு நடக்க வேண்டும். பெரியம்மா கேட்டதற்கு என்னிடம் அன்றும் பதில் இல்லை, இன்றும் இல்லை.

என்றாலும் தொடங்கினோம்.

முதலில் நேரம். இரண்டு மாதக் குட்டியின் மூத்திரப்பை சின்னது. பகலில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் அதனால் அடக்க முடியாது. மூன்று மாதமானால் மூன்று மணித்தியாலம், நான்கானால் நான்கு என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் நாம் கொண்டுபோகாவிட்டால் உள்ளேதான் நடக்கும். அது பிடிவாதமோ பழிவாங்கலோ அல்ல. கொண்டுபோக வேண்டிய வேளைகளும் எல்லாக் குட்டிகளுக்கும் ஒன்றுதான்: நித்திரையால் எழும்பிய உடனே, சாப்பிட்டுக் கால் மணித்தியாலத்துக்குள், விளையாடி முடிந்ததும், இரவு படுப்பதற்கு முன். இடையில் விளையாட்டை நிறுத்தித் தரையை மோந்துகொண்டு வட்டமிட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

சாப்பாட்டையும் நேரத்துக்கு வைக்க வேண்டும். நாள் முழுக்கச் சிரட்டையில் சோறு கிடந்தால் எப்போது வெளிக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. குட்டிக்கு மூன்று வேளை, நேரம் பிசகாமல். தண்ணீரைப் பகலில் மறிக்கக் கூடாது. படுப்பதற்கு ஒரு மணித்தியாலம் முன்பு எடுத்து வைத்தால் போதும்.

அக்கா விடியப்புறம் நாலரைக்கு எழும்புவா. அடுப்பு மூட்டுவதற்கு முன் குட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே. ஏழு மணிக்கு முன் பெரட்டுக்குப் போய்விடுவா. அதன்பிறகு மதியம் வரை யார் பார்ப்பது? பெரியம்மாவுக்கு முழங்கால் வருத்தம். பாடசாலைக்குப் போகாமல் வீட்டில் இருப்பவன் பையன் ஒருவன்தான். ஆக, அந்த வேலை அவன் தலையில் விழுந்தது. நான் திட்டமிட்டுச் செய்தேன் என்று சொன்னால் அது பொய்.

அடுத்தது இடம். ஒரே இடத்துக்கே கொண்டுபோக வேண்டும். பழைய வாடை இருந்தால் குட்டிக்குத் தானாக விளங்கும். லயத்துக்குக் கீழே, கொய்யா மரத்தடியைத் தெரிவு செய்தோம். பீலிக்கு மேற்பக்கம் கூடாது. அந்தத் தண்ணீரைத்தான் எல்லோரும் குடிக்கிறோம். மரக்கறிப் பாத்தியிலும் கூடாது. மற்ற நாய்கள் கூடும் இடமும் வேண்டாம். குட்டிகளை வயிற்றோட்டமாகவும் இரத்தமாகவும் கொல்லும் பார்வோ நோயின் கிருமி மண்ணில் மாதக்கணக்காக உயிரோடு கிடக்கும்.

கொய்யா மரத்தடிக்குப் போனதும் பேசாமல் நிற்க வேண்டும். விளையாட்டுக் காட்டினால் குட்டி வந்த வேலையை மறந்துவிடும். காரியம் முடிந்த அந்தக் கணத்திலேயே, அதே இடத்தில், ஒரு துண்டு ரொட்டி, தலையில் ஒரு தடவல், "நல்ல பிள்ளை" என்று ஒரு சொல். வீட்டுக்கு வந்தபின் கொடுத்தால் வீட்டுக்கு வந்ததற்குத்தான் ரொட்டி என்று அது நினைக்கும். பையன் காற்சட்டைப் பையில் எப்போதும் ரொட்டித் துண்டு வைத்திருந்தான். பாதியை அவனே தின்றுவிடுவான் என்பது வேறு கதை.

இரவுக்கு ஒரு பழைய தேயிலைப் பெட்டி கிடைத்தது. இப்போது தேயிலை கடதாசிச் சாக்கில்தான் போகிறது. முந்திய பலகைப் பெட்டிகள் சில வீடுகளில் இன்னும் தட்டுமுட்டுச் சாமான் போடக் கிடக்கின்றன. அதைச் சரித்து வைத்து, உள்ளே சாக்கு விரித்து, அக்காவின் பாய்க்குப் பக்கத்தில் வைத்தோம். நாய் தான் படுக்கும் இடத்தை அசிங்கமாக்க விரும்பாது. நெருக்கி வந்தால் முனகும். முனகல் கேட்டால் எழும்ப வேண்டும். குட்டியை இருட்டில் வெளியே கட்டி வைக்கச் சொல்லி பக்கத்துக் காம்பராக்காரர் சொன்னார், நான் மறித்தேன். மலையகத் தோட்டங்களில் சிறுத்தை நாயைத் தூக்குவது எல்லோரும் அறிந்ததே.

இனி, தவறு நடந்தால் என்ன செய்வது? கண் முன்னே நடக்கும்போது பிடித்தால், கையை ஒரு முறை தட்டிச் சத்தம் காட்டி, தூக்கிக்கொண்டு வெளியே போய், மிச்சத்தை அங்கே முடிக்க விட்டு, ரொட்டி கொடுக்க வேண்டும். நடந்து முடிந்தபின் கண்டால் ஒன்றுமே செய்யக் கூடாது. துடைப்பதுதான் வேலை.

பெரியம்மா இதை ஒத்துக்கொள்ளவே இல்லை. "அதுக்குத் தெரியும் மிஸ். மூஞ்சியப் பாருங்க, கள்ள மூஞ்சி" என்றா. உண்மைதான், ஜிம்மி காதை மடித்து, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நின்றது. ஆனால் இந்தக் கள்ள மூஞ்சியை ஆராய்ந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நியூயோர்க்கில் பார்னார்ட் கல்லூரியைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்னும் பெண் ஆய்வாளர் 2009 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். தின்னக் கூடாது என்று சொல்லி வைத்த பண்டத்தை நாய் தின்றுவிட்டது என்று சொந்தக்காரரிடம் சொல்வார்கள். சில வேளை அது உண்மை, சில வேளை பொய். நாய் தின்றதோ இல்லையோ, சொந்தக்காரர் ஏசினால் கள்ள மூஞ்சி வந்தது. தின்னாமலே ஏச்சு வாங்கிய நாய்களின் முகத்தில்தான் அது கூடுதலாகத் தெரிந்தது. அது குற்றம் அறிந்த முகமல்ல. அடி வரப்போகிறது என்று அறிந்த முகம்.

அடித்தால் நாய் எதைப் படிக்கிறது? மனிதர் பார்க்கும்போது செய்யக் கூடாது என்பதை மட்டும் படிக்கிறது. எங்கள் வீட்டில் நான் சிறுமியாக இருந்தபோது ஒரு குட்டி வளர்த்தோம். மூக்கைத் தேய்த்துத் தேய்த்து அதைக் கட்டிலுக்கு அடியில் போய் இருக்கப் பழக்கியவர்கள் நாங்கள்தான். வாடை எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் மூன்று நாள் தேடினோம். ஜிம்மியும் விளக்குமாற்றைக் கண்டபின் அரிசிப் பெட்டிக்குப் பின்னால் போகத் தொடங்கியிருந்தது. இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது அக்கா எழும்பிப் போய் விறகுக் கட்டுக்குப் பின்னால் கையை விட்டா. மகனின் ஈரக் காற்சட்டைகள் இரண்டு அங்கே இருந்தன. ஒன்றும் பேசாமல் எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனா.

துடைப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. நமக்கு வாடை போனாலும் நாயின் மூக்குக்குப் போகாது. வாடை உள்ள இடத்துக்கே மறுபடி வரும். சீமெந்துத் தரையைச் சவர்க்காரத்தால் கழுவி, பிறகு பாதி வினாகிரி பாதி தண்ணீர் ஊற்றித் துடைத்துக் காயவிடுங்கள். அமோனியா வாடையுள்ள மருந்துகள் வேண்டாம். அது நாய்க்கு மூத்திர வாடை போலவே இருக்கும். வெளுக்கும் தூளையும் வினாகிரியையும் ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சுப் புகை வரும். சாணி மெழுகிய மண் தரையானால் நனைந்த மண்ணைச் சுரண்டி எடுத்து வெளியே போட்டுவிட்டுப் புதிதாக மெழுக வேண்டியதுதான்.

மரத்தடியில் போடும் எச்சத்தையும் அப்படியே விடக் கூடாது. குட்டி நாய்களின் வயிற்றில் உருண்டைப்புழு அநேகமாக இருக்கும். அதன் முட்டை மண்ணில் இரண்டு மூன்று கிழமை கிடந்தபின்தான் மனிதருக்குத் தொற்றும் நிலைக்கு வரும். ஆகையால் அன்றன்றே மண்வெட்டியால் அள்ளிக் குழியில் புதைத்தால் பயமில்லை. விட்டுவைத்தால், மண்ணில் விளையாடும் சின்னப் பிள்ளைகளின் கைவழியே வயிற்றுக்குப் போய்க் கண்ணைக்கூடப் பாதிக்கலாம். கொக்கிப்புழு வெறுங்காலில் தோலைத் துளைத்து ஏறும். மலையில் வெறுங்காலோடு நடப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். குட்டிக்கு இரண்டு கிழமை வயதிலிருந்து மூன்று மாதம் வரை இரண்டு கிழமைக்கு ஒருமுறை பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். அளவைக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

விசர்நாய்க்கடி ஊசி அதைவிட முக்கியம். 1973 இல் இலங்கையில் 377 பேர் இந்த நோயால் இறந்தார்கள். நாய்களுக்கு ஊசி போடப் போடத்தான் அது ஆண்டுக்கு இருபது முப்பது என்ற அளவுக்கு இறங்கியது. ஆனாலும் வந்தபின் பிழைப்பது கிடையாது. ஆறு கிழமை கடந்த குட்டிக்கே ஊசி போடலாம். அரசாங்க முகாமில் இலவசம். எப்போது, எங்கே என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். ஜிம்மியைக் கொழுந்துக் கூடையில் வைத்து நானும் பையனும் முகாமுக்குச் சுமந்துகொண்டு போனோம். தரும் அட்டையைப் பிறப்புச் சான்றிதழ் போல் பத்திரப்படுத்துங்கள். சின்னக் குட்டிதானே என்று அதன் கடியையோ கீறலையோ அலட்சியப்படுத்தாதீர்கள். ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கால் மணித்தியாலம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, ஜிம்மி பழகியதா?

முதல் கிழமை சொல்லும்படியாக இல்லை. சுவரில் தொங்கிய கலண்டரில், உள்ளே நடக்கும் ஒவ்வொரு தவறுக்கும் கரியால் ஒரு கோடு போடச் சொல்லியிருந்தேன். கணக்கு இல்லாவிட்டால் முன்னேற்றம் தெரியாது, மனம் சலித்துவிடும். அந்தப் பொறுப்பும் பையனுக்கே. முதல் நாள் ஏழு கோடு. மூன்றாம் நாள் ஆறு. பெரியம்மா என்னைப் பார்த்துச் சிரித்தா. மழை வேறு. இலங்கை முழுவதிலும் மழையில் நனையப் பயப்படாத நாய்க்குட்டியை நான் இன்னும் காணவில்லை. வாசலில் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு வர மாட்டேன் என்று நிற்கும். நாம் உள்ளே வந்த மறு நிமிடம் தரையில் இருக்கும். பெரியம்மாவே ஒரு வழி கண்டுபிடித்தா. கொழுந்தெடுக்கும்போது போட்டுக்கொள்ளும் தன் பழைய மழைச் சீட்டைக் கொய்யா மரத்தின் இரண்டு கிளைகளில் இழுத்துக் கட்டினா. ஒத்துக்கொள்ளாத கொள்கைக்காக முழங்கால் வருத்தத்தோடு கயிறு கட்டியவ அவ.

இரண்டாம் கிழமைக் கடைசியில் நாளுக்கு இரண்டு கோடு. ஒரு மாதத்தில், கோடில்லாத நாட்கள் வரத் தொடங்கின. நான்கு மாதமாகும்போது தானே வாசலுக்குப் போய்க் கதவைப் பிறாண்டப் பழகிவிட்டது. சில குட்டிகளுக்கு ஆறு மாதம் பிடிக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கலண்டரில் இன்னொன்றும் இருந்தது. மார்கழித் தொடக்கத்தில் போனபோது, கோடுகளுக்குக் கீழே சில தேதிகளில் சின்னச் சின்ன வட்டங்கள். பென்சிலால் போட்டது. அது என்ன என்று நான் கேட்கவில்லை. அக்காதான் வழியனுப்ப வரும்போது தாழ்ந்த குரலில் சொன்னா.

நடந்தது இதுதான். இரவு படுப்பதற்கு முன் குட்டியை வெளியே கொண்டுபோவது பையனின் வேலை. அதுவரைக்கும் அவன் இருட்டிய பிறகு வெளியே போனதே கிடையாது. கதவில்லாத அந்தக் கக்கூசுக்கு இருட்டில் போகப் பயம். அந்தப் பயத்தை ஒருவரிடமும் சொல்லவும் வெட்கம். ஐந்து மணிக்கு ஒரு தேத்தண்ணி, ஏழு மணிக்கு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, அடக்கிக்கொண்டு அப்படியே படுத்துவிடுவான். இப்போது கையில் குட்டி இருக்கிறது, இஸ்தோப்பில் அக்கா குப்பி விளக்கோடு நிற்கிறா. குட்டி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்.

நான் இதை அதிசயமாகச் சொல்ல வரவில்லை. நித்திரையில் போவது பிள்ளையின் விருப்பத்தில் நடப்பதல்ல. ஏழு வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் வரை இரவில் நனைக்கிறார்கள். நின்றிருந்தது மீண்டும் தொடங்குவதும் உண்டு. இழப்பு, இடப்பெயர்வு, பயம் இவற்றுக்குப் பின் அப்படி நேர்வதை வைத்தியர்கள் நன்கு அறிவார்கள். இவனுக்கு நான்கு வயதில் நின்றிருந்தது. ஐந்து வயதில், முள்ளிவாய்க்காலுக்குப் பின், மறுபடி வந்தது. சிறுநீரில் கிருமி, மலச்சிக்கல், நீரிழிவு போன்றவையும் காரணமாக இருக்கலாம் என்பதால் வைத்தியரிடம் ஒருமுறை காட்டுவது அவசியம். நாங்களும் பதுளையில் காட்டினோம். உடம்பில் ஒன்றுமில்லை என்றார்கள். பின்னேரத் தேத்தண்ணியைக் குறைத்தோம். அவனுக்கு முற்றாக நிற்க இன்னும் ஒன்றரை வருடம் சென்றது. மழை நாட்களில், பாடசாலையில் யாராவது எதையாவது சொன்ன நாட்களில், திரும்பவும் வரும். ஆனால் விளக்குமாறு வரவில்லை. காற்சட்டை விறகுக் கட்டுக்குப் பின்னால் போகாமல் வாளிக்குள் போனது. தையில் புதிய தவணை தொடங்கியபோது அவன் பாடசாலைக்குப் போனான். மதியத்தில் ஜிம்மியை வெளியே விடும் வேலை பெரியம்மாவுக்கு வந்தது. "நாயிக்குக் கங்காணி வேல பாக்குறேன்" என்று லயமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தா.

பெரியம்மா 2019 இல் காலமானா. பையன் இப்போது கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். 2024 இல் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது அக்காவைப் பார்க்கப் போனேன். ஜிம்மிக்குப் பன்னிரண்டு வயது. முகமெல்லாம் நரைத்து, பின்னங்கால் இழுபட்டது. மறுபடியும் உள்ளேயே ஈரமாக்குகிறது, படுத்த இடத்திலேயே போகிறது, என்ன செய்வது மிஸ் என்று அக்கா கேட்டா. வயதான நாய்களுக்கு அடக்கும் பலம் குறையும், நீரிழிவோ சிறுநீரக வருத்தமோ இருந்தாலும் இப்படி நடக்கும், மிருக வைத்தியரிடம் காட்டிப் பார்ப்போம் என்றேன். மற்றப்படி குட்டியாக இருந்தபோது போன அதே வேளைகளில் மறுபடியும் கொண்டுபோங்கள், படுக்கைக்கு இரண்டு சாக்கு மாறி மாறி வையுங்கள் என்றேன்.

"ரெண்டு மணிக்கு ஒருக்கா தூக்கிக்கொண்டு போறன்தான். மகனும் ராவில போன் எடுத்து, வெளியால விட்டீங்களா எண்டு கேக்கிறவன்" என்றா.

கதைத்துக்கொண்டிருக்கும்போதே ஜிம்மி எழும்ப முயன்று முனகியது. அக்கா வயிற்றுக்குக் கீழே ஒரு துண்டைக் கொடுத்துத் தூக்கினா. நான் மழைச் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். கொய்யா மரத்தடிக்குப் போனோம்.